கரித்துண்டின் வயதும் கத்தியின் வயதும்

2025 ஜனவரி 23 அன்று தமிழக முதல்வர் 'இரும்பின் தொன்மை' அறிக்கையை வெளியிட்டார். அன்று முதல், சிவகளையில் கிடைத்த கரிக்கு அது தந்த கி.மு. 3345 என்ற எண் பாடநூல் ஆசிரியர் முதல் பட்டிமன்றப் பேச்சாளர் வரை எல்லோர் வாயிலும் இருக்கிறது. பேராசிரியர் கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதிய அந்த அறிக்கை தென்னிந்திய இரும்புக்கால ஆய்வின் போக்கையே மாற்றியிருக்கிறது. மாதிரிகளை ஒரே ஆய்வகத்திடம் ஒப்படைக்காமல் அமெரிக்காவின் பீட்டா அனலிடிக், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் எனப் பல இடங்களுக்கு அனுப்பியதும், கரிமக் கணிப்போடு ஒளிர்வுக் கணிப்பையும் சேர்த்ததும் பாராட்டத்தக்கவை. இனி அந்த எண்ணை எப்படிக் கையாள்வது என்பது அகழாய்வாளர்களாகிய நம் பொறுப்பு.

ஆய்வகம் நமக்குச் சொல்வது மாதிரியின் வயதை மட்டுமே. தாழிக்குள் கரித்துண்டும் இரும்புக் கத்தியும் அருகருகே கிடந்தால், இரண்டும் ஒரே காலத்தவை என்று நிறுவ வேண்டியது குழியில் நின்றவரின் வேலை. மூடி உடைந்த தாழிக்குள் பின்னாளைய மண் இறங்கும். வேரும் எலி வளையும் அடுக்கைக் கலைக்கும். நீண்டநாள் வாழ்ந்த மரத்தின் வைரப் பகுதியிலிருந்து வந்த கரி, அதை எரித்தவரின் காலத்தைவிட நூறு, இருநூறு ஆண்டுகள் முந்தைய தேதியைக் காட்டக்கூடும். ஓராண்டுப் பயிரான நெல்லில் இந்தச் சிக்கல் இல்லை. சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்ற தேதி 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஊரின் கரி கி.மு. 3345 என்கிறது. இவை ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. நீண்டகாலம் புழங்கிய இடுகாட்டில் இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் எந்தப் பொருள், எந்தத் தாழி, எந்த ஆழம் என்பதைச் சொல்லாமல் இந்த இரு எண்களையும் ஒப்பிட முடியாது.

அடுத்த சிக்கல் அளவுத்திருத்தம். வளிமண்டலத்தில் கதிரியக்கக் கார்பனின் அளவு எல்லா நூற்றாண்டுகளிலும் ஒரே சீராக இருந்ததில்லை. அதனால் ஆய்வக எண்ணை மர வளையங்களைக் கொண்டு வரைந்த வளைவோடு பொருத்தியே ஆண்டாக்குகிறோம். இப்போது வடகோளத்துக்கு வழக்கில் இருப்பது 2020-இல் வெளியான 'இன்ட்கால்20'. அந்த வளைவு ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை சமதளமாகக் கிடக்கிறது. அக்காலத்து மாதிரி ஒன்றுக்கு 95.4 விழுக்காட்டு வீச்சு பல நூற்றாண்டுகளுக்கு அகன்றுவிடும். 2019-இல் வெளியான கீழடி அறிக்கையில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குத் தரப்பட்ட கி.மு. 580 விழுவது இந்தச் சமதளத்தின் நடுவில்தான். கொடுமணல், பொருந்தல் தேதிகளையும் இதே கண்ணோடுதான் படிக்க வேண்டும். ஒரே குழியின் அடுத்தடுத்த அடுக்குகளிலிருந்து வரிசையாக மாதிரி எடுத்து, 'ஆக்ஸ்கால்' போன்ற மென்பொருளில் அடுக்கு வரிசையையும் சேர்த்துக் கணித்தால் வீச்சு குறுகும். செலவு கூடும், ஆனால் பத்து ஊர்களில் ஒவ்வொரு மாதிரி எடுப்பதைவிட ஒரே ஊரில் பத்து மாதிரி எடுப்பது பல கேள்விகளைத் தீர்க்கும்.

வளைவும் மாறக்கூடும் என்பதற்குக் கிரேக்கத்தின் தேரா எரிமலை வெடிப்பு ஒரு பாடம். சாம்பலில் புதைந்த ஒலிவக் கிளையை வைத்து 2006-இல் கி.மு. 1627–1600 என்றார்கள். 2018-இல் மர வளையங்களை ஆண்டுவாரியாக அளந்தபோது வளைவின் அந்தப் பகுதி சற்று நகர்ந்தது, கி.மு. 16-ஆம் நூற்றாண்டும் பொருந்தி வந்தது. திருத்தப்படாத எண்களும் பிழை வீச்சும் அச்சில் இருந்ததால்தான் பழைய மாதிரிகளை மறுபடி கணிக்க முடிந்தது. நாம் ஒற்றை ஆண்டை மட்டும் அச்சிட்டால், அடுத்த வளைவு வரும்போது நம் தேதிகளைத் திருத்த யாராலும் இயலாது.

ஆகவே அடுத்த இதழ் முதல், காலக்கணிப்பைக் குறிப்பிடும் கட்டுரைகளில் ஆறு விவரங்களைக் கேட்போம்: ஆய்வக எண், திருத்தப்படாத வயதும் பிழையும், பயன்படுத்திய வளைவு, 95.4 விழுக்காட்டு வீச்சு, மாதிரி எந்தப் பொருள் (மரமாயின் எந்த இனம்), குழியும் அடுக்கும் ஆழமும். ஒளிர்வுக் கணிப்பாயின் அளந்த ஆண்டையும் குறிக்க வேண்டும். கரிம வயது 1950-இலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது, ஒளிர்வு வயது அளந்த ஆண்டிலிருந்து எண்ணப்படுவது. இவை இல்லாத தேதிகளைக் கட்டுரைத் தலைப்பிலோ முடிவுரையிலோ அனுமதிக்க மாட்டோம்.

தமிழகத்து இரும்பின் தொன்மை உலக அரங்கில் கேள்வி கேட்கப்படும், கேட்கப்படவும் வேண்டும். அந்தக் கேள்விகளுக்கான விடை நம் குழிப் பதிவேடுகளில் இருக்கிறது. அவற்றை முழுமையாக எழுதுங்கள், முழுமையாக வெளியிடுங்கள்.