வென்ற வழக்கும் வாராத விசாவும்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலையும் வேளையில், அம்மையார் ஒருவர் இனிப்புப் பொட்டலம் ஒன்றை நம் கையில் வைத்தார். அவர் யாழ்ப்பாணத்திற் பிறந்து, நம் சங்கத்து அன்பர் ஒருவரை மணந்து இவ்வூருக்கு வந்தவர். அவருடைய தம்பி மெல்போர்ன் நகரில் பாதுகாப்பு விசா வேண்டிப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறார். "தம்பி கேஸ் வெண்டிட்டான் அண்ணை, இனி அவனைத் திருப்பி அனுப்ப மாட்டினம்" என்றார். நாமும் மகிழ்ந்து உண்டோம்.

பத்து நாட்கள் சென்றபின் அவரே வாடிய முகத்துடன் வந்தார். விசா வரவில்லையாம், வழக்கு மீண்டும் தீர்ப்பாயத்துக்கே போகிறதாம். "வெண்ட பிறகு எதுக்கு இன்னொரு விசாரணை?" என்று வினவினார். அயல்நாட்டில் உற்றார் உள்ள வேறு சிலருக்கும் இவ்வையம் உண்டாதலின், நாம் படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கு எழுதுகிறோம்.

ஆஸ்திரேலியாவில், உயிருக்கு அஞ்சி வந்தோம் என்பாரின் விண்ணப்பத்தை முதலில் அமைச்சரின் சார்பில் ஓர் அதிகாரி ஆராய்கிறார். அவர் மறுத்தால் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்கு முறையிடலாம். இத்தீர்ப்பாயம் 2024 அக்டோபரில், பழைய தீர்ப்பாயத்தின் இடத்தில் அமைந்தது. வந்தவர் சொல்வது மெய்தானா, திரும்பிச் சென்றால் இடர் உண்டா என்பதை எடைபோடும் இடம் இதுவே. இங்கும் தோற்றால்தான் நீதிமன்றம். அங்கோ கேள்வியே வேறு. முடிவு சரியா என்று நீதிபதி கேட்பதில்லை. சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டுமே பார்க்கிறார். சட்டத்தைப் பிறழக் கொண்டார்களா? சொன்ன காரணம் ஒன்றை ஆராயாமலே விட்டார்களா? பாதகமான செய்தியைக் காட்டி விடை கேளாமல் தீர்த்தார்களா? இத்தகைய பெரும்பிழை இருந்தால் முடிவை நீக்கி, "மீண்டும் விசாரியுங்கள்" என்று அனுப்புகிறார். விசா கொடு என்று அவர் ஆணையிடுவதில்லை.

இது நமக்குப் புதிதன்று. நம்முடன் பணிபுரியும் தோழர் ஒருவருக்கு ஒருமுறை ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான தாள்களின் நகலை அவருக்குத் தரவேயில்லை. அவர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் சென்று வென்றார். ஆயினும் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை. நகல் கொடுத்து மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். அன்றும் தேநீர்க்கடையில் நாம் வடை வாங்கிக் கொண்டாடினோம் என்பது வேறு கதை!

அம்மையாருக்கு நாம் எடுத்துச் சொன்ன வழக்கு ஒன்றுண்டு. கிறிஸ்துமஸ் தீவில் கரையிறங்கிய இலங்கைத் தமிழர் இருவர் தொடுத்தது அது. 2010 நவம்பர் 11ஆம் நாள் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எழுவரும் ஒருமனதாய்த் தீர்ப்பளித்தனர். மறுஆய்வு செய்தவர்கள் குடிவரவுச் சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாதெனக் கொண்டது பிழை. இலங்கை நிலவரம் பற்றிய பாதகமான செய்திகளை இவர்களிடம் காட்டி விடை கேளாததும் பிழை என்றனர். பெரிய வெற்றிதான். எனினும் அவ்விருவர்க்கும் அன்று கிடைத்தது அப்பிழைகளைக் குறித்த பிரகடனமே. விண்ணப்பத்தை ஏற்றுப் பரிசீலிக்குமாறு அமைச்சரைப் பணிக்க நீதிமன்றம் இசையவில்லை.

இவ்வளவு சிறிய உரிமையா என்று எண்ண வேண்டா. இதையும் அடைத்துவிட 2001இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2003இல் அதே உயர் நீதிமன்றம், அரசமைப்பு தமக்களித்த அதிகாரத்தைச் சாதாரணச் சட்டம் கொண்டு பறிக்கவியலாது, அடிப்படைப் பிழையுற்ற முடிவை அச்சட்டம் காவாது என்று கூறிவிட்டது. அக்கதவு திறந்திருந்தபடியால்தான் மேற்சொன்ன இருவரும் உள்ளே நுழைய முடிந்தது.

நாள் கணக்கில் மட்டும் கண்ணாயிருத்தல் வேண்டும். தீர்ப்பாயம் முடிவெடுத்த நாளிலிருந்து 35 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் மனு இருக்க வேண்டும். தவறினால் காரணம் எழுதிக் கூடுதல் நாள் கேட்கலாம். கிடைக்கும் என்ற உறுதியில்லை. தீர்ப்பாயத்தில் சொல்ல மறந்த துன்பத்தை நீதிமன்றத்தில் சொல்லி ஆவதும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வழக்கு திரும்பி வந்த பின்னரோ, புதிய சான்றுகளையும் தீர்ப்பாயத்தின்முன் வைக்கலாம்.

இதைக் கேட்டதும் அம்மையார் சற்றே தெளிந்தார். தம்பியைப் பற்றித் தம் தந்தையார் ஊரிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு தகரப்பெட்டியில் உள்ளனவாம். விசாரணை நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. ஞாயிறன்று அவற்றுள் நான்கை எடுத்துவந்தார். நகலெடுத்துத் தேதிவாரியாக அடுக்கித் தந்தோம். ஐந்தாவது கடிதத்தின் மடிப்பில் எழுத்து அழிந்திருக்கிறது. அதை வெயிலிற் பிடித்துப் படிக்க முயன்றுகொண்டிருக்கிறோம்.