கடினச் சொற்களும் கல்கியின் புதினமும்

மௌலா அலியில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் 'குன்று' என்னும் சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. உச்சியில் தர்கா அமைந்த பாறைக் குன்று நம் தெருக்களிலிருந்தே தெரிகிறது. என் சிறு வயதில் எனக்கும் அது நன்கு தெரிந்த சொல்தான். தெரியும் என்று எண்ணியதாலேயே தவறு செய்தேன்.

என் தந்தையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ரயில்வே வேலைக்காக இங்கு வந்தவர். டீசல் லோகோ ஷெட்டில் அவருக்குப் பணி. வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும் உருதும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசி வளர்ந்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்துகளை எனக்குத் தந்தையார்தான் கற்றுத் தந்தார்.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒருநாள் ஊரிலிருந்து பாட்டியின் கடிதம் வந்தது. தந்தையார் இரவுப் பணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "நான் படித்துச் சொல்கிறேன் அப்பா" என்று பெருமையுடன் வாங்கினேன். தம் உடல்நலம் நாளுக்கு நாள் குன்றி வருவதாகப் பாட்டி எழுதியிருந்தார். 'உடல்நலம்' புரிந்தது. 'குன்றி' என்பதைக் குன்று என்றே கொண்டேன். "பாட்டி நலமாம். நம் மௌலா அலிக் குன்றைப் பற்றியும் ஏதோ எழுதியிருக்கிறார்" என்றேன். கடிதம் அலமாரிக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்துத் தந்தையார் அதைத் தாமே எடுத்துப் படித்தார். அன்றே விடுப்புக் கேட்டு ஊருக்குப் புறப்பட்டோம். நாங்கள் சென்றபோது பாட்டி கண் திறந்து பார்த்தார். பேசும் நிலையில் அவர் இல்லை. என்னை எவரும் கடிந்துகொள்ளவில்லை. "குன்றுதல் என்றால் குறைதல்" என்று மட்டும் தந்தையார் சொன்னார்.

ஊரிலிருந்து திரும்பியதும் அகராதியைத் திறந்து, நாளொன்றுக்கு இருபது சொற்கள் வீதம் மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். இரண்டு வாரம் சென்றபின் முதல் நாள் சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். மூன்றுகூட நினைவில் இல்லை. அப்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பத்தார், வார இதழ்ப் பக்கங்களைச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்' தொகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். அந்தப் புதினத்தில் நான் கற்ற சொற்கள் இன்றுவரை என்னுடன் இருக்கின்றன. ஆகவே, கடினச் சொற்களைக் கற்க விரும்பும் மாணவர் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு நல்ல நீண்ட புதினத்தைப் படிப்பதே மேல் என்பது என் கருத்து.

கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி இப்புதினத்தைக் 'கல்கி' வார இதழில் 1950 முதல் 1954 வரை எழுதினார். ஐந்து பாகங்கள், ஏறத்தாழ 300 அத்தியாயங்கள். வாராவாரம் அதற்காகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் புலவர்கள் அல்லர். நம் தாத்தா பாட்டியைப் போன்ற எளிய வாசகர்களும் அவர்களுள் இருந்தனர். அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவலே அவர்களைக் கடினச் சொற்களைக் கடந்து செல்ல வைத்தது.

கதை எவ்வாறு சொல்லைக் கற்பிக்கிறது என்பதற்கு முதல் அத்தியாயமே சான்று. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வருகிறான். இன்று வீராணம் என்று வழங்கும் ஏரி அதுவே. ஏரியின் நீர் 'கணவாய்'களின் வழியே பாய்ந்தோடுகிறது. கைபர் கணவாய் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்த எனக்கு, கணவாய் என்றால் மலைகளுக்கு இடையே உள்ள வழி. ஏரிக்கரையில் மலை ஏது? மீண்டும் படித்தேன். நீர் வெளியேறும் வழி என்று கதையே உணர்த்திவிட்டது. ஒரே சொல் இடத்துக்கு ஏற்பப் பொருள் மாறும் என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன். இதைப் பாட்டியின் கடிதம் வருமுன் அறிந்திருந்தால், குன்று என்று படித்த இடத்தில் நின்று, "உடல்நலத்துக்கும் குன்றுக்கும் என்ன தொடர்பு?" என்று என்னையே கேட்டிருப்பேன்.

சில சொற்களைப் பிரித்தாலே பொருள் விளங்கும். நிலாவைக் காணும் திறந்த மேல்தளம் நிலா முற்றம். கோடிக்கரைக் காட்சிகளில் வரும் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலம் என்பது கப்பல். கரைதல் என்பது அழைத்தல். கப்பலை அழைக்கும் விளக்கு என்று அதற்குப் பொருள் கூறுவர். காகம் 'கரைகிறது' என்கிறோமே, அந்தக் கரைதல்தான் இது. ஒரு சொல்லைக் கற்கப் போய் இரண்டு சொற்களைக் கற்றுவிட்டோம்.

மாணவர்களே, ஹைதராபாத்தில் வளரும் உங்களிடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலரிடம் இல்லாத ஒரு திறவுகோல் இருக்கிறது. அது தெலுங்கு. 'அவன் செப்பினான்' என்னும் இலக்கிய வழக்கு உங்களுக்குப் புதிதன்று. 'செப்பு' என்று தெருவில் நாள்தோறும் கேட்கிறீர்கள். 'நாவாய்' என்றால் மரக்கலம். தெலுங்கில் 'நாவ' என்றும் இந்தியில் 'நாவ்' என்றும் படகைக் குறிப்பார்கள். 'ஆடிப்பெருக்கு' என்று படித்ததும் உங்களுக்குத் தயிர் நினைவுக்கு வந்து சிரிப்பு வரலாம். ஆனால் தெலுங்கிலும் 'பெருகு' என்பதற்குத் தயிர் என்பதோடு வளர்தல், மிகுதல் என்ற பொருளும் உண்டு. காவிரியில் நீர் மிகுவதே பெருக்கு.

புதினத்தில் வானில் தோன்றி மக்களை அஞ்ச வைக்கும் வால் நட்சத்திரத்துக்குத் 'தூமகேது' என்று பெயர். தூமம் புகை, கேது கொடி. புகையைக் கொடியாக உடையது என்று பொருள். தெலுங்கில் அதனைத் 'தோகசுக்க' என்பர். 'தோக' என்றால் வால். மயிலின் தோகையும் அந்தத் தோகவும் ஒரே குடும்பச் சொற்கள்.

எனினும் இந்தத் திறவுகோல் எல்லாப் பூட்டையும் திறப்பதில்லை. 'அவசரம்' என்பது தெலுங்கில் தேவையைக் குறிக்கும். தமிழில் விரைவைக் குறிக்கும். ஆகவே ஊகித்த பொருளை வாக்கியத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். பொருந்தாவிட்டால் ஊகத்தைக் கைவிட வேண்டும்.

இக்கருத்தை மறுப்போரும் உண்டு. "இலச்சினை, அகழி போன்ற அரசர் காலச் சொற்கள் இன்று யாருக்குப் பயன்படும்?" என்று கேட்பார்கள். கோயில் கோபுரம் பொறித்த தமிழ்நாடு அரசின் சின்னத்தை இன்றும் இலச்சினை என்றே அழைக்கிறோம். கோட்டையைச் சுற்றித் தோண்டிய பள்ளம் அகழி. அகழ்தல் என்றால் தோண்டுதல் என்று அறிந்தவர், கீழடியில் நடக்கும் 'அகழாய்வு' பற்றிய செய்தியைத் தடையின்றிப் படிப்பார். பழைய சொற்களின் வேர்களிலிருந்தே புதிய சொற்கள் பல உண்டாகின்றன.

"2022, 2023 ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவே வந்துவிட்டதே, சுருக்கப் பதிப்பும் கிடைக்கிறதே" என்பது மற்றொரு மறுப்பு. திரைப்படம் பார்ப்பது தவறன்று. கதையின்மீது ஆவலைத் தூண்ட அது உதவும். ஆனால் திரையில் அகழியைக் காண்கிறோம். 'அகழி' என்னும் சொல்லைப் படிப்பதில்லை. சுருக்கப் பதிப்போ, கடினம் என்று கருதும் சொற்களையே முதலில் நீக்குகிறது. நாம் தேடி வந்தவை அந்தச் சொற்கள் அல்லவா?

"தமிழ் விருப்பப் பாடம்தானே, பாடச் சுமைக்கு நடுவே இவ்வளவு பெரிய நூலுக்கு நேரம் ஏது?" என்று பெற்றோர் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. அதற்காக நூலைக் கைவிட வேண்டியதில்லை; மெதுவாகப் படித்தால் போதும். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் படிப்போம். ஆறாம் வகுப்பில் தொடங்கினால், பள்ளிப் படிப்பு முடியுமுன் ஐந்து பாகங்களும் முடிந்துவிடும்.

படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதன்முறை எங்கும் நில்லாமல் அத்தியாயத்தைப் படித்து முடியுங்கள். இரண்டாம் முறை, எந்தச் சொல் தெரியாததால் கதை புரியவில்லையோ அச்சொல்லின்கீழ் மட்டும் கோடிடுங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் வேண்டா. முதலில் இடத்தை நோக்கிப் பொருளை ஊகியுங்கள். அடுத்துச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பின்னர் வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். அகராதி இறுதியில் வரட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி பழஞ்சொற்களுக்கும், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய வழக்குக்கும் உதவும். கற்ற சொல்லை அன்றே ஒரு சொந்த வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

இவற்றுள் பெரியவரைக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். நான் புதினத்தைப் படித்த நாள்களில், பணி முடிந்து வந்த தந்தையார் சொற்பொருள் சொல்லத் தொடங்கி, காவிரிக் கரையில் தாம் நீந்தியதையும் பாட்டி ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக் கொடுத்ததையும் சொல்லுவார். அதுவரை அவர் அவற்றைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதே இல்லை.

பாட்டியின் கடிதங்கள் இருபத்துமூன்று இன்னும் என் அலமாரியில் உள்ளன. புதினத்தை முடித்த ஆண்டில் அவை அனைத்தையும் எவர் உதவியும் இன்றிப் படித்தேன். ஏறக்குறைய ஒவ்வொரு கடிதத்திலும், "பிள்ளை தமிழ் படிக்கிறானா?" என்று கேட்டிருந்தார். நான் விடை எழுத அவர் இல்லை. உங்களுள் பலருக்கு ஊரில் பாட்டியும் தாத்தாவும் இருக்கிறார்கள். இந்த வாரம் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, புதிதாகக் கற்ற ஐந்து சொற்களையும் சேர்த்து அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

பயிற்சி

1. கட்டுரையாளர் கடிதத்தைத் தவறாகப் படித்ததற்குக் காரணம் யாது? அத்தவற்றை அவர் எவ்வாறு தவிர்த்திருக்கலாம்?

2. தமிழிலும் தெலுங்கிலும் வழங்கும் மூன்று சொற்களை எழுதுக. அவற்றுள் பொருள் மாறுபடும் சொல் எது?

3. 'திரைப்படம் பார்த்தால் போதும், புதினம் படிக்க வேண்டியதில்லை.' இக்கூற்றை நீவிர் ஏற்கிறீரா? காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.