வாயில் விட்ட ஊசி

நம் சக உபாத்தியாயர் ஒருவர் ஒன்றரை மாதப் பேரனைத் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கு எடுத்துச் சென்றார். திரும்பியதும் ரசீதை நம்மிடம் நீட்டினார். குழந்தைக்குப் போட்ட ஊசிகள் இரண்டு. ரசீதிலோ 'ஊசி போட்ட கட்டணம்' மூன்று! மூன்றாவது எதற்கென்று விசாரித்தால், ரோட்டா வைரஸ் பேதி வராதிருக்க வாயில் விட்ட சொட்டு மருந்துக்காம். குழந்தை மூன்று முறை அழுதிருக்கலாம்; நாம் மறுக்கவில்லை.

வேடிக்கை அத்துடன் நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டோம். "இந்த விலையில் அடுத்த தவணையை விட்டுவிடலாமா?" என்று நண்பர் கேட்டாரே, அதுதான் நம்மைத் துணுக்குறச் செய்தது. சிசுவின் உடலிலுள்ள நீரை விரைவில் வற்ற அடித்துவிடும் வியாதி அது. டில்லியில் ஒரு சிசுவிடம் கண்டெடுத்த கிருமியைக் கொண்டே ரோட்டாவாக் என்னும் சுதேச மருந்து தயாராகி 2015-ல் வெளிவந்தது. 2016-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய சர்க்கார் திட்டம், மறு ஆண்டு தமிழ்நாட்டுக்கும் 2019-ல் தேசம் முழுவதற்கும் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6, 10, 14-ஆவது வாரங்களில் புகட்டுகிறார்கள், காலணா கட்டணமில்லை.

முதல் தவணையில் எந்த மருந்து என்று குறித்த சீட்டுடன் அங்கே போகச் சொன்னோம்.

"இனாம் மருந்து பலிக்குமா, ஸார்?" என்றார்.

ரசீது இல்லாததால் பலிக்காமல் போகாது என்றோம்.