சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த பங்க் வரைகூட ஓட்டாதீர்கள்!

போன மாதம் வந்தவாசிப் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார் என் மச்சான். வழியில் பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் ஒன்றைக் கவனிக்காமல் ஏற்றி இறக்கிவிட்டார். அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் டேஷ்போர்டில் எண்ணெய்க் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. "திண்டிவனத்துல பங்க் இருக்கு, அங்க ஆயில் ஊத்திக்கலாம்" என்று ஓட்டியிருக்கிறார். பங்க் வருவதற்குள் 'டக் டக் டக்' என்று சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். அப்புறம் இன்ஜின் நின்றேவிட்டது.

ஆயில் தேங்கும் சம்ப்பில் விரிசல். சம்ப்பை மாற்றியிருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். இப்போது இன்ஜின் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்ஷூரன்ஸிலும் சம்ப்புக்கு மட்டும்தான் பணம் வந்தது. அடிபட்ட வண்டியைப் பழுது பார்க்காமல் ஓட்டி, அதனால் சேதம் அதிகமானால் அது உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. யார் படிக்கிறோம்?

விளக்கு என்ன சொல்கிறது?

'ஆயில் குறைகிறது, நேரம் கிடைக்கும்போது ஊற்று' என்று அந்தச் சிவப்பு விளக்கு சொல்லவில்லை. 'ஆயில் பிரஷர் இல்லை' என்கிறது. இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங் மேல் நேராக உரசுவதில்லை. நடுவில் பம்ப் அழுத்தி அனுப்பும் மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. பிரஷர் போனால் இரும்பு இரும்போடு உரசும்.

ஓடிச் சூடான இன்ஜினில், ஓட்டும் வேகத்தில் பல கார்களில் 30 முதல் 60 பிஎஸ்ஐ வரை பிரஷர் இருக்கும். பொதுவாக அது 5 பிஎஸ்ஐ பக்கம் இறங்கிய பிறகுதான் விளக்கே எரியும். டயரில் 32 இருக்க வேண்டிய இடத்தில் 5 இருந்தால் ஓட்டுவோமா? இதுவும் அப்படித்தான். ஓரம் கட்டுங்கள், இன்ஜினை அணையுங்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஆயில் ஊற்றியும் விளக்கு அணையவில்லை என்றால் 'மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்' என்ற பேச்சே வேண்டாம்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் விளக்கு மினுங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைகிறதா? ஆயில் குறைவாக இருக்கலாம், தவறான கிரேடு ஊற்றியிருக்கலாம், பம்ப்போ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். 'கெட்டியான ஆயில் ஊத்தினா சரியாயிடும்' என்பார்கள். விளக்கு அணையலாம், தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்

* காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல் பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டு, சில நொடிகளில் அடங்கினால் பயம் வேண்டாம். ஆயில் மேலே ஏற எடுக்கும் நேரம் அது. சூடான பிறகும் தொடர்ந்தால் ஆயில் அளவையும் டேப்பெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

* 'கீச்' என்ற சத்தம், அதுவும் ஏ.சி. போட்டதும் கூடினால், பெரும்பாலும் பெல்ட்.

* மேட்டில் பெரிய கியரில் திணறும்போது மட்டும் 'கட கட' என்றால், முதலில் கியரைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் அடிக்கடி வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

* இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து 'டக் டக்' என்று கனமாகக் கேட்டு, வேகத்தோடு கூடினால், பேரிங்காக இருக்கலாம். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மெக்கானிக்கிடம் 'ஏதோ சத்தம் வருது' என்று மட்டும் சொல்லாதீர்கள். குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, நிற்கும்போதா, மேடு ஏறும்போதா என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. நின்றிருக்கும்போதே கேட்கும் சத்தம் என்றால் செல்போனில் பதிவு செய்து காட்டுங்கள்.

விளக்கு எரிந்ததுமே 'இன்ஜினை இறக்கணும்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச் பழுதானாலும் விளக்கு எரியும். அதைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டர் மாட்டி அளந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டரில் பிரஷர் சரியாக இருந்தால், சுவிட்சை மாற்றினால் போதும்.

இன்றைக்கே இரண்டு வேலை

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு.

அடுத்து, சாவியை 'ஆன்' செய்யுங்கள். சிவப்பு விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் நிம்மதி அடைய வேண்டாம். ஆபத்து வரும்போதும் அது எரியாது. உடனே பார்த்துவிடுங்கள்.

மச்சான் இப்போது ஸ்பீட் பிரேக்கரில் சின்னதாகத் தட்டினால்கூட இறங்கி, குனிந்து ஒரு பார்வை பார்க்கிறார். அக்கா கேலி செய்கிறாள். நான் செய்யவில்லை.

அடுத்த வாரம்: காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் பேட்டரி.