கம்பியா, காற்றா?

சாய்ந்தமருதிலுள்ள எமது மாணவர் ஒருவரின் இல்லத்துக்கு அண்மையிற் சென்றிருந்தோம். தேநீர் தந்து உபசரித்த தந்தையார், "பிள்ளைகளின் படிப்புக்கு இன்டர்நெட் எடுக்க வேண்டும், சேர். ஃபைபர் கம்பி நல்லதா, சிம் போடும் ரவுட்டர் நல்லதா?" என்று வினவினார். வினா சிறிது, அதன் பின்னுள்ள வரலாறோ பெரிது.

ஒரு காலத்தில் வீட்டுத் தொலைபேசி என்றால் செப்புக் கம்பியே. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தோர் பலர். 1996 ஆம் ஆண்டிற் சன்டெல், லங்கா பெல் என்னும் இரு நிறுவனங்கள் கம்பியில்லாத் தொலைபேசி வழங்க அனுமதி பெற்றன. பின்னர், கம்பியையே நம்பியிருந்த ஸ்ரீ லங்கா டெலிகொம் நிறுவனமும் சீ.டி.எம்.ஏ. தொலைபேசியுடன் கிராமங்களை நாடி வந்தது. போட்டி செய்த நன்மை இது. 2012 இல் சன்டெல் டயலொக்குடன் இணைந்தது. போட்டி மட்டும் ஓயவில்லை. இன்று அது ஒளியிழைக்கும் 4ஜீ அலைக்கும் இடையே நிகழ்கின்றது.

இவற்றின் வேற்றுமை யாது? வானலை ஊர்ப் பொதுக்குளம் போன்றது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் எல்லையிலுள்ளோர் யாவரும் பங்கிடுகின்றனர்; இரவில் எல்லோரும் ஒருங்கே முகந்தால் வேகம் குன்றும். ஒளியிழையும் ஓரளவு பங்கிடப்படுவதே. எனினும் அதன் கொள்ளளவு மிகப் பெரிது. ஆனால், கம்பி வராத ஒழுங்கைக்கு அதனாற் பயனில்லை. வாடகை வீட்டார் இடம் மாறும்போது ரவுட்டரை உடன் கொண்டுசெல்லலாம். கம்பியைச் சுருட்டிக்கொண்டு போக முடியுமா?

இன்னொன்றையும் மறத்தலாகாது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் அக்கம்பி வழியே நிலையத்திலிருந்து வந்தது. இன்றைய இரண்டும் வீட்டு மின்சாரத்தை நம்பியவை. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது இதனை யாவரும் உணர்ந்தோம். 2004 டிசம்பர் 26 இல் முன்னறிவிப்பின்றிக் கடல் புகுந்த கரை இது. ஆபத்து வேளையில் ஒரு செய்தி எட்டுவதும் எட்டாமற் போவதும் உயிர்களைப் பற்றியதன்றோ?

ஆதலின் தந்தையாருக்கு நாம் கூறியது இதுவே: "வாசலிற் கம்பி இருந்து, படிக்கும் பிள்ளைகளும் பலராயின் ஒளியிழையை எடுங்கள். இன்றேல், அயலவரிடம் இரவு எட்டு மணிக்கு வேகம் எப்படி என விசாரித்து ரவுட்டரை வாங்குங்கள். எதை எடுத்தாலும் அதனுடன் ஒரு சிறு பற்றரியும் வையுங்கள்."

நிறுவனங்கள் தம்முட் போட்டியிடட்டும். விளம்பரத்தை நோக்காது தம் வீட்டின் தேவையை நோக்குவோர்க்கே அப்போட்டியின் பயன் கிட்டும்.