சொந்தமும் சிலைக் களவும்



அரையாண்டு விடுமுறையில் தொலைக்காட்சியில் ஒரு படம் பார்த்தோம். அண்ணன் தம்பிகள் மூவர் சேர்ந்து, பழைய அரண்மனை ஓவியம் ஒன்றைக் காவலர் கண்ணில் மண்ணைத் தூவிக் கடத்திவிடுகிறார்கள். பிடிபட்ட கடைசித் தம்பி எத்தனை அடித்தும் அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. "உடன்பிறப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!" என்று என் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கைதட்டினேன். அந்த ஓவியம் யாருடையது என்று படத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் வீடும் தறியும் திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கின்றன. அங்குள்ள திரைலோக்கியநாதர் சமணக் கோயிலின் சங்கீத மண்டபம், 1387-இல் விஜயநகரத் தளபதி இருகப்பர் கட்டியது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகளை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். நாங்கள் சமணர் அல்லர். ஆயினும் சிறுவயதில் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த ஓவியங்கள் அவை. ஒருநாள் போய்ப் பார்க்கையில் அங்கே வெறும் சுண்ணாம்புதான் இருக்கிறது என்றால் எப்படியிருக்கும்?

சினிமாவை மிஞ்சிய களவு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-இல் நிலத்தைத் தோண்டுகையில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று நடராசர். 1954-இல் அதைப் பழுது பார்க்க ஸ்தபதி ஒருவரிடம் கொடுத்தார்கள். குத்தாலத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் அவர் மனத்தைக் கலைத்தார்கள். அச்சு அசலாக ஒரு நகல் வார்க்கப்பட்டது. நகல் கோயிலுக்குத் திரும்பியது. அசல் பலர் கைமாறிப் பம்பாய்க்கும் பிறகு நியூயார்க்குக்கும் போயிற்று. 1973-இல் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அதை 9 இலட்சம் டாலருக்கு வாங்கியது. கோயிலில் இருப்பது நகல் என்பதை 1965-இல் வெளியுலகுக்குச் சொன்னவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞர் டக்ளஸ் பாரட். அசலோடு பழகிய ஊராரின் கண்ணையே ஏமாற்றும் அளவுக்கு நம் ஸ்தபதிகளின் கை தேர்ந்திருந்தது என்பதில் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா? வழக்குக்கும் உடன்பாட்டுக்கும் பின் 1986-இல்தான் நடராசர் தாய்நாடு திரும்பினார்.

அந்தக் குத்தாலத்துச் சகோதரர்களிடம் ஒற்றுமைக்கு என்ன குறை? ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காத பாசத்தைத்தானே படத்தில் பார்த்து அத்தை அழுதார்!

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கதையும் இப்படித்தான். பூசையின்றிப் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து 2006-இல் திருடுபோன நடராசரை, 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 இலட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம்தான் சிலை எந்த ஊருடையது என்று காட்டியது. 2014-இல் அது திரும்பி வந்தது. வேறொரு கோயில் களவுக்காகக் கபூருக்கு 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. இடையே 2013-இல், களவுச் சிலைகளை மறைத்து வைத்ததாக அவருடைய சகோதரி மீதும் நியூயார்க்கில் குற்றம் சாட்டப்பட்டது. இங்கேயும் உடன்பிறப்பு!

"பூட்டிய கோயிலில் கேட்பாரற்றுக் கிடப்பதைவிட அயல்நாட்டில் பத்திரமாக இருக்கட்டுமே" என்று நன்னெறி வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். நாம் பார்க்காமல் விட்டதும் உண்மை. ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுக்காயிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு போய்விடுவோமா?

நம் காஞ்சிபுரத்து யோகினியரை எத்தனை பேருக்குத் தெரியும்? பத்தாம் நூற்றாண்டில் இங்கே ஒரே கோயிலில் கூடியிருந்த அக்காள் தங்கைகள் என்றே அவர்களைச் சொல்லலாம். 1926-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அச்சிலைகளைத் திரட்டிப் பாரிஸ் வணிகர் லூ என்பவருக்கு அனுப்பிவைத்தார். இன்று ஒருத்தி வாஷிங்டனில், ஒருத்தி பாரிசில், ஒருத்தி லண்டனில், இன்னொருத்தி சென்னையில். அந்தக் குடும்பம் சிதறியதற்கு எந்தப் படத்தில் யார் அழுதார்கள்?

எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே தறியில் நெய்தவர்கள். ஒரு கல்யாணப் புடவைக்குக் கொடுத்த நல்ல ஜரிகையைச் சின்னத் தாத்தா விற்றுவிட்டு, பொய் ஜரிகையை வைத்து நெய்துவிட்டார். தாத்தா அதைக் கண்டுபிடித்தார். அன்றே சைக்கிளில் போய் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, நட்டத்தைத் தம் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு சகோதரர் இருவரும் பதினோரு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

தாத்தா செய்ததே சரி என்பது என் கட்சி. படம் பார்த்த மறுநாள் பாட்டியிடம் கேட்டேன். "பொய் ஜரிகை கறுக்காமல் போயிருக்குமா? என்றைக்காவது தெரிந்திருக்கும்" என்றார். சற்று நேரம் ஊடை நூலைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "இருந்தாலும் தம்பியை வீட்டிலேயே வைத்துக் கண்டித்திருக்கலாம், அம்மா" என்றார்.

- பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி