தொழிற்சாலை வாசலிலிருந்து: "பிறகு" என்ற பொத்தான்

எங்கள் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் ஐயாவுக்கு வயது 71. அவர் பாவிப்பது நான் கழித்துக் கொடுத்த பழைய கைத்தொலைபேசி. "தம்பி, இது திரும்பவும் என்னவோ கேக்குது" என்று அவர் நீட்டும்போதெல்லாம், "அது அப்டேற் ஐயா. 'லேற்றர்' எண்டு இருக்கிறதை அமத்திவிடுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். டேற்றா முடிந்துவிடும், போன் மெதுவாகிவிடும், இருப்பது மாறிவிடும் என்பது என் கணக்கு.

2025 நவம்பர் 13 ஆம் திகதி இங்கே சிட்னியில் ஒருவர் இறந்தார். அவருடைய சம்சுங் போனிலிருந்து 000 க்கு அழைப்புப் போகவில்லை. அதில் இருந்தது பழைய மென்பொருள் என்றும், தங்கள் வலையமைப்பில் அவசர அழைப்பு எடுக்க அது பொருந்தாது என்றும் ரிபிஜி நிறுவனம் பின்னர் அறிவித்தது. இரவு வேலையின் தேநீர் இடைவேளையில் அந்தச் செய்தியை வாசித்ததும் எனக்கு ஐயாவின் முகம்தான் வந்தது.

மற்ற அழைப்பெல்லாம் போகிற போனில் 000 மட்டும் ஏன் போகாது? முன்பு எங்கள் குரல் போனது 3ஜி வழியாக. அதை வொடபோன் 2024 ஜனவரியுடன் மூடியது. ரெல்ஸ்ராவும் ஒப்ரசும் 2024 ஒக்டோபர் 28 இல் மூடத் தொடங்கின. இப்போது குரல் 4ஜியில் போகிறது. ஆனால் சில பழைய போன்கள், அவசர அழைப்பு என்றவுடன் மூடிய 3ஜியையே தேடிப் போகும்படி செய்யப்பட்டவை. பாலம் உடைந்தது தெரியாமல் பழைய றோட்டால் போகிற பஸ் மாதிரி. 2025 ஒக்டோபரில் வந்த பட்டியலில் ஏறக்குறைய 70 சம்சுங் மொடல்கள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு அப்டேற் போதும். 11 மொடல்களை மாற்றத்தான் வேண்டும்.

குற்றம் எப்போதும் பாவிப்பவர் பக்கம் என்றும் இல்லை. 2025 செப்டெம்பர் 18 இல் ஒப்ரஸ் தன் வலையமைப்பில் செய்த மாற்றம் ஒன்று பிழைத்து, நூற்றுக்கணக்கான 000 அழைப்புகள் போகாமல் விட்டன. அதை எங்களால் தடுக்க முடியாது. எங்கள் கையில் உள்ளதையாவது செய்யலாம்.

காலையில் வீடு வந்ததும் ஐயாவின் போனைச் சார்ஜரில் கொழுவினேன். பட்டியலில் அந்த மொடல் இல்லை. ஆனாலும் அப்டேற்றைப் போட்டுவிட்டுப் படுத்தேன். மத்தியானம் எழும்பினால் ஐயா கோபத்துடன் நிற்கிறார். "இருந்ததையும் கெடுத்துப்போட்டாய். மகளின்ரை படத்தைக் காணேல்லை."

கனடாவில் இருக்கும் மகளின் படத்தைத் தொட்டால் அழைப்புப் போகும். அந்தப் படம் வேறு பக்கத்துக்குப் போயிருந்தது. எழுத்தும் சிறுத்திருந்தது. அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவருக்குப் படம் இருந்த இடம்தான் எழுத்து. அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துக் கொடுத்தேன். மகளோடு கதைத்த பிறகுதான் சிரித்தார்.

ஆகவே வாசகர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கும் பழைய போன்களையும், கொழும்பிலோ சென்னையிலோ வாங்கி வந்த போன்களையும் எடுத்து மொடலைப் பாருங்கள். "இதில் 000 போகுமா?" என்று உங்கள் போன் கொம்பனியிடம் கேளுங்கள். சோதித்துப் பார்க்க 000 ஐ அழைக்க வேண்டாம். அது ஆபத்தில் இருக்கும் ஒருவருடைய நேரம். உண்மையாக அழைக்க நேர்ந்தால், ஆங்கிலம் வராதவர்கள் பொலிஸ், ஃபயர், அம்புலன்ஸ் என்பதில் தேவையானதை முதலில் சொல்லி, பிறகு 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தொடர்பில் எடுப்பார்கள்.

அப்டேற் செய்துவிட்டு மட்டும் ஓடிவிடாதீர்கள். மாறியது என்ன என்று பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுங்கள். அந்த அரை மணித்தியாலத்துக்குப் பஞ்சிப்பட்டுத்தான் நானும் இத்தனை நாள் "பிறகு" என்று சொன்னேன்.